பவானி ஜமக்காளக் கடைக்கு மூன்று இணையப் பெயர்கள்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பவானியில் ஜமக்காளம் நெய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. அப்பாரு காலத்தில் வீட்டுக்குள் இருந்த குழித்தறியில் நெய்ததை ஈரோட்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அப்பா காலத்தில் கூடுதுறைக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய கடை வந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இணையத்திலும் விற்பது என்று முடிவானபோது, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அதற்கான பெயரை வாங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அன்று மூன்று பெயர்களை வாங்கினேன். ஒன்று, எல்லோரும் அறிந்த டாட் இன். இரண்டாவது, முழுவதும் தமிழ் எழுத்திலேயே அமையும் டாட் இந்தியா. மூன்றாவது, கடை என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பின்னொட்டாக, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் சொல்லாகக் கொண்ட, கடந்த பத்தாண்டுகளுக்குள் விற்பனைக்கு வந்த புதிய வகைப் பெயர். "ஒரு கடைக்கு மூணு பேரு எதுக்கு கண்ணு?" என்று அப்பா அப்போதே கேட்டார். அந்தக் கேள்விக்கு இப்போதுதான் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிகிறது.

இந்த மதிப்புரையில் பெயர்களை எனக்கு விற்ற பதிவு நிறுவனத்தையும், அந்தப் புதிய பின்னொட்டை நடத்தும் நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இதை எழுதத் தூண்டியது, இணையப் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு, 2026 ஏப்ரல் 30இல் புதிய பின்னொட்டுகளுக்கான விண்ணப்பச் சுற்றைத் தொடங்குவதாக அறிவித்த செய்திதான். பின்னொட்டுகளைப் பெருக்கினால் சிறு வியாபாரிக்கு நன்மை என்று அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சிறு வியாபாரிகளில் ஒருவன் என்ற முறையில், என் கைக்கு வந்த சரக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் டாட் காமை ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் விரும்பிய பெயர் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. அதில் எந்தத் தளமும் இல்லை. விற்பனைக்கு உண்டு என்ற ஒரு பக்கம் மட்டும் இருந்தது. விசாரித்தபோது இரண்டு லட்சம் ரூபாய் கேட்டார்கள். ஒரு தறியில் பல மாதம் நெய்தாலும் கூலியாகக் கிடைக்காத தொகை அது. டாட் காம் 1985இல் புழக்கத்துக்கு வந்தது. இன்று அதன் கீழ் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது. ஜமக்காளம் என்பதற்கு ஒற்றைக் 'கே' போடுபவர்கள் உண்டு, இரட்டைக் 'கே' போடுபவர்கள் உண்டு, ஈற்றுக்கு முந்தைய 'ஏ'யை இரண்டாக எழுதுபவர்களும் உண்டு. ஆகவே ஒரே பெயரைக் காத்துக்கொள்ள நான்கைந்து எழுத்துக்கூட்டலை வாங்க வேண்டும் என்று பதிவு நிறுவனத்தின் தளமே பரிந்துரைத்தது. இடப் பற்றாக்குறை உண்மையானதுதான். பின்னொட்டுகளைப் பெருக்க வேண்டும் என்ற வாதம் பிறந்ததும் இதிலிருந்துதான். 1996இலேயே, பெயர் முறையைத் தொடக்கத்திலிருந்து பேணிவந்த ஜான் போஸ்டல், 150 புதிய பின்னொட்டுகள் வரை சேர்க்கலாம் என்று ஒரு வரைவை முன்வைத்தார். 2000ஆம் ஆண்டில் ஐகான் ஏழு பின்னொட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்தது. டாட் இன்ஃபோவும் டாட் பிஸ்ஸும் அப்போது வந்தவை. வெள்ளம் திறந்துவிடப்பட்டது 2012இல் ஐகான் நடத்திய விண்ணப்பச் சுற்றில்தான்.

நான் வாங்கிய புதிய பின்னொட்டு அந்த 2012 சுற்றில் பிறந்தது. வாங்கிய அன்று அதன் மேல் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் விரும்பிய பெயர் எழுத்து மாறாமல் கிடைத்தது. முதலாண்டுக் கட்டணம் 149 ரூபாய் மட்டுமே. கடைப் பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, ஜமக்காளத்தின் ஓரத்தில் தைக்கும் துணிச்சீட்டு எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தோம். இரண்டு வாரத்தில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஏனுங்க, அட்டையில கடைசீல டாட் காம் போட மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்களே?" என்று அக்கறையோடு கேட்டார். அவர் கேட்டதைப் போலவே பின்னர் எத்தனையோ பேர் கேட்டார்கள். பலர் முகவரியின் முடிவில் தாங்களாகவே டாட் காமைச் சேர்த்துத் தட்டி, எங்கும் போய்ச் சேராமல், கடைக்குத் தளம் இல்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் சொல் முகவரியின் பகுதி என்பதே வாடிக்கையாளருக்குத் தெரியாதபோது, அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும் பயன் குறைவு. ஓசூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு இது சிக்கலாக இல்லை. எங்களிடம் கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஜமக்காளம் வாங்குபவர்கள் அவர்கள் அல்லர்.

அதைவிடப் பெரிய குறை இரண்டாம் ஆண்டில் தெரிந்தது. புதுப்பித்தல் கட்டணம் 3,900 ரூபாய். மூன்றாம் ஆண்டில் 4,700. முதல் பக்கத்தில் 149 என்று பெரிய எழுத்தில் இருந்தது. புதுப்பித்தல் விலை, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய இணைப்புக்குள் இருந்திருக்கிறது. என் கவனக்குறைவு என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் இதன் அடியில் இருக்கும் ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் அது கவனக்குறைவோடு முடிகிற விஷயம் அல்ல என்பது விளங்கும். டாட் காமைப் பதிவு நிறுவனங்களுக்கு விற்கும் மொத்த விற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டு: அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம் ஆறாண்டுக் காலத்தில் நான்கு ஆண்டுகளில் மட்டும், ஒவ்வொரு முறையும் 7 விழுக்காட்டுக்கு மிகாமல் உயர்த்தலாம், 2024 செப்டம்பரில் அந்த மொத்த விலை 10.26 டாலராக ஆனது. புதிய பின்னொட்டுகளுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. பின்னொட்டை நடத்தும் நிறுவனம் புதுப்பித்தல் விலையை உயர்த்தும்போது 180 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்றும், அதற்குள் பழைய விலையிலேயே பத்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ள இடம் தர வேண்டும் என்றும் ஐகானின் ஒப்பந்தம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்த அறிவிப்பு பதிவு நிறுவனத்துக்குத்தான் வருகிறது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. 2017இல் யூனிரிஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன்னிடமிருந்த பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியபோது உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்பும் இதைப் பற்றியதுதான்.

பலகையை அடித்து மாட்டிய பிறகு விலையை உயர்த்தினால் வியாபாரி எங்கே போவான் என்பதே இங்கே கேள்வி. கடை வாடகையில் இப்படி நடந்தால் பேசித் தீர்க்கத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். பின்னொட்டுகள் ஆயிரம் இருந்தாலும், நான் பலகையில் எழுதிவிட்ட பின்னொட்டு ஒன்றுதான். மற்ற தொள்ளாயிரத்துச் சொச்சமும் எனக்குப் போட்டிச் சரக்கு ஆகாது. பின்னொட்டுகள் பெருகினால் போட்டி பெருகும், விலை குறையும் என்ற வாதம் பெயரை முதல்முறை வாங்குபவனுக்கு மட்டுமே பொருந்துகிறது.

பதிவு நிறுவனத்தின் சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார்கள். தமிழில் பேசும் ஊழியர் ஒருவர் இருந்தார். தொழில்நுட்பக் கோளாறு மூன்றாண்டில் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விரும்பி இடமாற்றக் குறியீட்டைக் கேட்டபோது ஒன்பதாம் நாள்தான் கொடுத்தார்கள். ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஐகானின் விதி. கேட்காத சேவைகள் இரண்டு முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்ததையும் நானே கண்டுபிடித்து நீக்க வேண்டியிருந்தது.

இனி, நான் மிகவும் நேசிக்கிற, அதனாலேயே மிகவும் வருந்துகிற இரண்டாவது பெயருக்கு வருகிறேன். எல்லாப் பின்னொட்டுகளும் அடங்கிய, இணையத்தின் வேர்ப் பட்டியலில் தமிழ் எழுத்தில் அமைந்த பின்னொட்டுகள் மூன்று: டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா. இலங்கையினுடையது 2010லும் மற்ற இரண்டும் 2011லும் சேர்ந்தன. நம்முடையதை, டாட் இன்னை நடத்தும் நிக்சி என்ற இந்திய அமைப்பே நடத்துகிறது. ஆங்கிலம் எழுதத் தெரியாத அம்மாயி ஒருவர், தன் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து, புள்ளி உட்பட ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எங்கள் கடைப் பக்கத்தைத் திறந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெயர் முறையை விரிவாக்க வேண்டும் என்று வாதிடுபவர்களின் பக்கம் இருக்கும் மிக வலுவான சான்று அந்த அம்மாயிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

எழுத்துக்கூட்டல் தொல்லையும் தமிழ் எழுத்தில் வெகுவாகக் குறைகிறது. முற்றிலும் ஒழிந்துவிடவில்லை; ஜமக்காளம் என்றும் ஜமுக்காளம் என்றும் இரண்டு வழக்குகள் நம்மிடையே உண்டு. வேறொரு நுட்பமான சிக்கலும் இருக்கிறது. எங்கள் கடைப் பெயர் 'ஸ்ரீ' என்று தொடங்கும். கொங்கு நாட்டில் பாதிக் கடைகளின் பெயர் அப்படித்தான் தொடங்கும். கணினிக்குள் இந்த எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஸகர ஒற்றோடு ரீகாரம் சேர்ப்பது ஒன்று. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகர ஒற்றோடு ரீகாரம் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. ஒரு கைப்பேசியின் விசைப்பலகை ஒன்றைத் தருகிறது, மற்றொன்று மற்றதைத் தருகிறது. கண்ணுக்குச் சரியாக எழுதிய முகவரி போய்ச் சேராவிட்டால் வாடிக்கையாளருக்கு அதன் காரணத்தை விளக்க எந்த வழியும் இல்லை. ஆகவே ஸ்ரீயை விட்டுவிட்டு, அப்பாருவின் பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்தோம். தமிழில் பெயர் வாங்கப் போகிறவர்கள் கிரந்த எழுத்தைத் தவிர்த்துக்கொள்வது நல்லது என்பது நான் அனுபவத்தில் கண்ட யோசனை. எங்கள் பெயரில் இருக்கும் ஜகரத்துக்கு அப்படி ஒரு சிக்கலும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர் நன்றாக இருந்தும் உலகம் அதற்குத் தயாராக இல்லை. பெயர் முறையின் அடித்தளம் ஆங்கில எழுத்து, எண், கோடு ஆகியவற்றை மட்டுமே அறியும் என்பதால், தமிழ்ப் பெயர் உள்ளுக்குள் 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு சிறு கோடுகளோடு நீளும் ஓர் எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். ஆனால் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்துச் செய்தியில் அனுப்பினால், பல நேரங்களில் அந்தக் குழப்பமான கோவைதான் போய்ச் சேருகிறது. அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி இணைப்பு என்று பயந்து எங்கள் எண்ணையே தடை செய்துவிட்டார். மின்னஞ்சலில் நிலைமை இன்னும் மோசம். தமிழ் முகவரியில் மின்னஞ்சல் அனுப்பவும் பெறவுமான தொழில்நுட்பத் தரம் 2012லேயே வந்துவிட்டது. ஆயினும் நாங்கள் சரக்கு அனுப்பும் லாரி நிறுவனம் ஒன்றின் பதிவுப் படிவம், எங்கள் தமிழ் மின்னஞ்சலைத் 'தவறான முகவரி' என்று சிவப்பு எழுத்தில் நிராகரிக்கிறது. தவறு எங்கள் முகவரியில் இல்லை. அந்தப் படிவத்தை எழுதியவரின் நினைப்பில் இருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் எந்தப் பின்னொட்டாக இருந்தாலும் எல்லா இடத்திலும் ஏற்கப்பட வேண்டும் என்று ஐகான் தனியாக ஓர் இயக்கமே நடத்துகிறது. புதிய பின்னொட்டுகளை விற்பதில் காட்டப்படும் வேகத்தில் பாதி இதில் காட்டப்பட்டிருந்தால் எங்கள் கடைப் பலகை இன்று முழுவதும் தமிழில் இருந்திருக்கும்.

டாட் இன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் சிறப்பு. பொதுமக்களுக்கு 2005இல் திறந்துவிடப்பட்ட பின்னொட்டு. விலை மூன்றாண்டும் ஆயிரம் ரூபாய்க்குள் நின்றது. வாயால் சொன்னால் புரிகிறது. எந்தப் படிவமும் மறுக்கவில்லை. உரிமையாளரின் விவரத்தை மறைக்கும் சேவைக்கு அதில் இடமில்லை என்பது சிலருக்குக் குறையாகப் படலாம். பொருள் விற்கும் கடைக்கு அது குறை அல்ல.

இந்த மூன்று அனுபவங்களையும் வைத்துக்கொண்டு பெரிய விவாதத்தைப் பார்க்கிறேன். 2012 சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். வந்த விண்ணப்பங்கள் 1,930. அவற்றில் வட அமெரிக்காவிலிருந்து மட்டும் 911, ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதிலிருந்தும் 17. ஆங்கில எழுத்தல்லாத எழுத்துகளில் அமைந்தவை வெறும் 116. கூகுள் நிறுவனம் மட்டும் 101 விண்ணப்பங்களைப் போட்டது. டாட் வெப் என்ற ஒரே ஒரு பின்னொட்டு 2016இல் நடந்த ஏலத்தில் 13 கோடியே 50 லட்சம் டாலருக்குப் போனது. ஐகானின் முதல் தலைவராக இருந்த எஸ்தர் டைசனே, 2011 டிசம்பரில் அமெரிக்க செனட் குழு முன் இந்த விரிவாக்கத்துக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். வணிகச் சின்னம் உள்ளவர்கள் ஒவ்வொரு புதிய பின்னொட்டிலும் தங்கள் பெயரைத் தற்காப்புக்காகத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டிவரும் என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம். பெரிய நிறுவனங்களின் முறையீடாக மட்டும் அது அன்று எனக்குத் தோன்றியிருக்கும். பவானியில் ஒரு ஜமக்காளக் கடைக்கு மூன்று பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிய பிறகு அப்படித் தோன்றவில்லை.

அதனால் விரிவாக்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரின் அனுபவம் வேறொரு வழியைக் காட்டுகிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அப்படியிருந்தும், சோலாப்பூரில் விசைத்தறியில் நெய்து, பவானிப் பெயரில் குறைந்த விலைக்கு விற்பது நின்றபாடில்லை. இணையத்தில் வாங்குபவருக்கு இது கைத்தறியா, பவானிச் சரக்குதானா என்று அறிய எந்த வழியும் இல்லை. கடை என்று பொருள்படும் பின்னொட்டில் ஒரு பெயரை யாரும் 149 ரூபாய்க்கு வாங்கலாம், சோலாப்பூர்க்காரரும் வாங்கலாம். எவரும் வாங்கக்கூடிய பின்னொட்டு எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

இதற்கு மாறாக, 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு காரியம் செய்தது. வங்கிகள் மட்டுமே பெறக்கூடிய 'பேங்க் டாட் இன்' என்ற முடிவை அறிவித்து, அந்த ஆண்டு ஏப்ரலில், அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் தளத்தை அதற்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இதற்காக ஐகானிடம் விண்ணப்பிக்கவில்லை. ஏலம் எதுவும் நடக்கவில்லை. ஏற்கெனவே நம் கையில் இருக்கும் டாட் இன்னுக்குக் கீழே ஒரு வரம்புள்ள அறையைக் கட்டினார்கள். அந்த முடிவைப் பார்த்தால் அது வங்கிதான் என்று என் அப்பாவுக்கும் தெரியும். இதே முறையில், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பதிவு பெற்ற பயனாளர்களுக்கு மட்டும், டாட் இன்னுக்குக் கீழும் டாட் இந்தியாவுக்குக் கீழும் ஒரு முடிவை ஒதுக்க முடியாதா? பவானி ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள், கோவை கோரா பருத்திச் சேலை எல்லாம் அதன் கீழ் வரலாம்.

புதிய சுற்றின் விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 2 கோடி ரூபாய். பொதுநல அமைப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் 75 முதல் 85 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு என்று ஐகான் அறிவித்திருந்தது. சலுகை போக மீதமே முப்பது முதல் ஐம்பது லட்சம் வரை வரும். அதன் பிறகு ஆண்டுக் கட்டணமும் கணினிக் கட்டமைப்பும் இருக்கின்றன. எங்கள் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் எதுவும் அதைத் தாங்காது. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் பேசப்படும் கத்தலான் மொழிக்கு டாட் கேட் என்று ஒரு பின்னொட்டு 2005இல் ஒப்புதல் பெற்று, அந்த மொழிச் சமூகத்தாலேயே நடத்தப்பட்டு வருகிறது. தமிழ் மொழிக்கென்று அப்படி ஒன்றைப் பெற அரசோ பல்கலைக்கழகங்களோ முன்வந்தால் முதல் ஆளாகப் பெயர் வாங்குவேன். அதன் விலைக்கு வரம்பும், யார் வாங்கலாம் என்பதற்கு நெறியும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

கடைக்குப் பெயர் வாங்க நினைக்கும் கொங்குப் பகுதி வியாபாரிகளுக்கு என் பரிந்துரை இது. டாட் இன்னை வாங்கிப் பலகையில் எழுதுங்கள். இயன்றால் ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டுங்கள். டாட் இந்தியாவில் தமிழ்ப் பெயரையும் வாங்கி, அதை டாட் இன் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். எங்கள் துணிச்சீட்டில் இப்போது மேலே தமிழ் முகவரியும், கீழே க்யூஆர் கட்டத்துக்குள் டாட் இன் முகவரியும் இருக்கின்றன. மோசடி இணைப்பு என்ற பயம் அதன் பிறகு யாருக்கும் வரவில்லை. புதிய பின்னொட்டை வாங்குவதென்றால், முதலாண்டு விலையைப் பார்க்காமல் பத்தாண்டுப் புதுப்பித்தல் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் மூன்றாவது பெயரை விட்டுவிடவே நினைத்தேன். ஆனால் சென்னிமலையில் போர்வை வியாபாரம் செய்யும் மாமா ஒருவர் தன் பழைய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டதும், அதை யாரோ வாங்கிச் சூதாட்டத் தளம் ஒன்றை அதில் ஏற்றிவிட்டார்கள். அவருடைய பழைய பில்களை வைத்திருப்பவர்கள் இன்றும் அங்கே போய்ச் சேருகிறார்கள். எங்கள் பழைய சீட்டுத் தைத்த ஜமக்காளங்கள் எத்தனையோ கல்யாண மண்டபங்களில் விரிந்து கிடக்கின்றன. ஒரு ஜமக்காளம் இருபது ஆண்டு உழைக்கும். ஆகவே சென்ற மாதம் 4,700 ரூபாயைக் கட்டி அந்தப் பெயரை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன்.